பத்தொன்பது புள்ளிகள்

கடையில் எல்லோரும் அவளை மைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பேனா விற்பது முதலாளியின் வேலை, மை அவள் வேலை. பின்சுவர் முழுக்க விரல் நீள அட்டைகளை ஒட்டி வைத்திருந்தாள், மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொரு அட்டையிலும் பஞ்சுக் குச்சியால் இழுத்த ஒரு பட்டை, நிப்பால் எழுதிய ஒரு வரி, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டு அந்த மை எப்படிக் கரைகிறது என்பதற்கான தடம். நீலக்கருப்பில் மட்டும் பதினேழு இருந்தன. வருகிறவர்கள் பதினேழையும் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதானேம்மா?" என்று கேட்பார்கள். அதைக் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றில் பச்சை பதுங்கியிருக்கிறது, ஒன்றில் சிவப்பு. ஒன்று ஈரத்தில் கருப்பாக நடித்துவிட்டுக் காய்ந்ததும் நீலமாகிவிடும். கண் இருந்தும் இது தெரியாதவர்களோடு என்ன பேசுவது என்று வாயை மூடிக்கொள்வாள்.

அவளுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. ஆட்களை மையை வைத்துத்தான் அறிவாள். மாதமொரு முறை வரும் தலைமை ஆசிரியர் அவளுக்குக் 'காய்ந்த ரத்தம்'. எதிர்வரிசை வக்கீல் 'மயில்கழுத்து'. "என்னைக்காவது என்னையும் ஏதாவது ஒரு பாட்டில்ல அடைச்சிடுவே" என்பார் முதலாளி. "நீங்க தண்ணி கலந்த கருப்பு. எப்பவோ அடைச்சாச்சு" என்பாள்.

அந்த ஆள் வந்த காலையில் மழை மூட்டமாக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய நகங்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து கட்டைவிரல் அகலக் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பச்சைக் கோட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்குள் மையில் எழுதிய எண்கள்.

"இந்தக் கலர் வேணும்மா. அச்சு அசலா."

"எதுக்கு?"

"எங்கப்பாவோட டைரி. கடைசிப் பக்கம் பாதியில நிக்குது. அதே இங்க்ல முடிச்சு வச்சா அம்மாவுக்கு ஒரு திருப்தி."

"கதை வேணாம் சார். பேனாவுக்கா, தொட்டு எழுதவான்னு கேட்டேன்."

முதலாளி கல்லாவிலிருந்து செருமினார். "அவ வாய் அப்படித்தான் சார். கண்ணு மட்டும் தங்கம்."

டியூப்லைட் வெளிச்சத்தை அவள் நம்புவதில்லை. துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மேலாகப் பார்த்தால் சாம்பல் ஏறிய நீலம். ஆழத்தில் கருப்பு. கோட்டின் விளிம்பில் மயிரிழை அளவுக்குப் பழுப்பு.

"இது இரும்பு கலந்த மை சார். ஆபீஸ்ல ரிஜிஸ்டர் எழுதுறது. எழுதறப்போ பளிச்சுன்னு நீலமா இருக்கும், நாளாக நாளாகத்தான் இப்படிக் கருக்கும். அதே மை என்கிட்ட இருக்கு. எழுதி வைங்க, ரெண்டு மூணு வாரத்துல இந்தக் கலருக்கு வந்துடும்."

"வாரக்கணக்கெல்லாம் முடியாதும்மா. எழுதின அன்னைக்கே இப்படி இருக்கணும்."

"அப்போ சாதா மையைத்தான் கலந்து கொண்டுவரணும். கண்ணுக்கு இதே மாதிரி இருக்கும். ஆனா இரும்பு மை தண்ணிக்கு அசையாது, இது ஓடிடும். சொல்லிட்டேன்."

அந்த ஆள் முதல்முறையாகச் சிரித்தார். "தண்ணி எங்கம்மா படப்போகுது?"

அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும். எழுதிய அன்றைக்கே பழசாகத் தெரிய வேண்டும் என்று நல்லது செய்கிறவன் எவன் கேட்பான்? யோசிக்கவில்லை. சவாலான வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள்.

இரண்டு நாள் அதே வேலை. பதினேழு நீலக்கருப்பையும் வரிசையாக வைத்து, துண்டை ஒவ்வொன்றின் பக்கத்திலும் நகர்த்திக்கொண்டே போனாள். நான்காவது நெருங்கி வந்தது, ஆனால் அதில் ஊதா மிஞ்சியது. ஒன்பதாவது ஈரத்தில் பொருந்திவிட்டுக் காய்ந்ததும் கைவிரித்தது. பதினொன்றாவதில் பத்துச் சொட்டு, சாம்பலில் மூன்று சொட்டு, பழுப்பில் ஒரு சொட்டு. காய்ந்ததும் துண்டை மேலே வைத்தாள். எது எங்கே முடிகிறது என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. அந்தக் கணத்துக்காகத்தான் அவள் அந்தக் கடையில் இருந்தாள்.

மூன்றாம் நாள் வந்தவர் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல.

"சின்ன பாட்டில் போதும்மா. ரொம்ப எழுத வேண்டியதில்ல. நிப் மட்டும் ஊசி மாதிரி வேணும்."

போகும்போது துண்டைத் திருப்பிக் கேட்டார். அதில் நக அளவு வெட்டி, கலவையின் அட்டைக்குப் பின்னால் அவள் ஏற்கெனவே ஒட்டியிருந்தாள். பொருத்திய மைக்கு மூலத்தை ஒட்டி வைப்பது அவள் வழக்கம். மிச்சத்தைக் கொடுத்தாள். அவர் துண்டையும் அவளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டார். மைக்காரி அவருக்கு 'சாம்பல் நீலம்' என்று பெயர் வைத்தாள்.

பத்து நாள் விடாத மழை. பதினோராம் நாள் காலை அவள் தம்பி கடைக்கு வந்தான்.

தம்பிக்கு அணையில் வேலை. அணைச் சுவருக்குள்ளே ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சுரங்கம் உண்டு. சுவரில் கசிகிற தண்ணீரெல்லாம் அதற்குள் ஒரு வாய்க்காலில் சேரும். தினமும் காலையில் உள்ளே இறங்கி, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் கசிகிறது என்று அளந்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். எட்டு வருஷமாக அந்த ஒரே வேலை. அவனும் மனைவியும் நாலு வயது மகளும் குடியிருப்பது சுவரின் காலடியிலேயே உள்ள குவார்ட்டர்ஸில். நாற்பது வீடுகள். எந்த வீட்டு வாசலில் நின்று நிமிர்ந்தாலும் வானத்தில் பாதி சுவர்தான்.

ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தான்.

"என்னடா, உன் நிழலை அனுப்பிட்டு நீ வீட்லயே இருந்துட்டியா?" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான். "அக்கா, எனக்கு மூளை கலங்கிடுச்சான்னு சந்தேகமா இருக்கு."

"அதுக்கு முதல்ல இருக்கணும்டா. விஷயத்தைச் சொல்லு."

சொன்னான். எட்டு வருஷமாகக் கசிவு இரண்டு, இரண்டரை, மூன்று. அதற்கு மேல் போனதில்லை. இந்த மழைக்காலத்தில் அணையை முதல்முறையாக முழுசாக நிரப்பிக் காட்டுவதென்று புதுப் பொறியாளர் மேலிடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். தண்ணீர் பழைய நீர்மட்டத்தைத் தாண்டிய அன்றைக்கு அளந்தால் இருபத்துநாலு. மறுநாள் இருபத்தாறு. அப்படியே ஏறி முப்பத்தொன்று, முப்பத்தெட்டு. பத்தைத் தாண்டினாலே மதகைத் திறந்து தண்ணீரை இறக்க வேண்டும், கீழே இருப்பவர்களை மேட்டுக்கு அனுப்ப வேண்டும். அது சட்டம். அவன் தினமும் எழுதினான், தினமும் போய்ச் சொன்னான். பொறியாளர் "பார்க்கலாம்" என்றார். பத்தொன்பதாம் நாள், பைண்டிங்குக்கு என்று சொல்லி ரிஜிஸ்டரை வாங்கி வைத்துக்கொண்டார். அவனை ஓய்வெடு என்று அனுப்பிவிட்டு வேறொரு ஆளைப் போட்டார்.

"நேத்து கூப்பிட்டு ரிஜிஸ்டரைக் காட்டினார்க்கா. நான் முப்பத்தொண்ணுன்னு எழுதின இடத்துல மூணு புள்ளி ஒண்ணுன்னு இருக்கு. இருபத்துநாலு எழுதினது ரெண்டு புள்ளி நாலு. கட்டத்துக்கு ஒரு எண்ணு எழுதுவோம்ல, நடுக்கோட்டு மேல குட்டியா புள்ளி. என் எழுத்துதான். என் மைதான். வெயில்ல வச்சுப் பார்த்துட்டேன், ஒரு வித்தியாசம் இல்ல. பத்தொன்பது நாளும் நானே புள்ளி வச்சு எழுதிட்டு, வெளிய வந்து முப்பதுன்னு உளறியிருக்கேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"திட்டவே இல்ல. 'உடம்பைப் பார்த்துக்கோப்பா, சுரங்கத்துல காத்து கம்மி, யாருக்கும் குழம்பும்'னார். தப்பா சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்துடணுமாம். இன்னைக்கு மதியம்."

மைக்காரி எழுந்தாள். சுவரிலிருந்து கடைசியாக ஒட்டிய அட்டையைப் பிய்த்துத் திருப்பினாள். நக அளவுத் துண்டு. பச்சைக் கட்டம். அதற்குள் ஓர் ஏழு, கழுத்தில் குறுக்குக் கோட்டோடு.

ஏழும் ஒன்றும் குழம்பக் கூடாது என்று அந்தக் குறுக்குக் கோட்டை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். அவனுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு நாள் முழுக்க அந்தத் துண்டைக் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்தாள். மையைத்தான் பார்த்தாள். எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை.

"உனக்கு மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "எனக்குத்தான் இல்ல. அந்தப் புள்ளியெல்லாம் நான் கலந்து குடுத்தது."

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "எங்க கிளம்பிட்டே? சாயங்காலம் மயில்கழுத்து வருவார்."

"நீங்களே குடுங்க. ஆறாவது அட்டை. ஏழாவதைக் குடுத்துட்டு 'ரெண்டும் ஒண்ணுதான்'னு மட்டும் சொல்லிடாதீங்க."

அணை அலுவலகத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தூறல் நின்றிருந்தது. பொறியாளர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பேனாவை மூடினார். அதே நகங்கள். மேசைமேல் ரிஜிஸ்டர் விரித்திருந்தது, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், தம்பி எழுதிக் கொடுப்பதற்காக.

"இது எங்கக்கா சார்" என்றான் தம்பி.

"அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

"தாகமா இருக்கு சார்" என்றாள் மைக்காரி. பதிலுக்குக் காத்திராமல் அவர் டம்ளரில் விரலைத் தோய்த்தாள். விரல்நுனியிலிருந்து ஒரு சொட்டு, முப்பத்தொன்றின் நடுவே விழுந்தது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். புள்ளி முதலில் வீங்கியது. பிறகு கால் முளைத்ததுபோல் ஓடியது. நடுவில் நீலம், சுற்றிச் சாம்பல், விளிம்பில் மெல்லிய பழுப்பு வளையம். அவள் போட்ட அந்த ஒரு சொட்டுப் பழுப்பு. இரண்டு பக்கமும் மூன்றும் ஒன்றும் கல்லில் வெட்டியதுபோல் அசையாமல் நின்றன.

தம்பியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது.

பொறியாளர் பதறவில்லை. உறிஞ்சு தாளை எடுத்து அந்த இடத்தை ஒற்றி, ரிஜிஸ்டரை மூடினார். "இப்போ யாராவது வந்து கேட்டா, அரசாங்க ரிஜிஸ்டர்ல தண்ணி ஊத்தினது யாருன்னு நான் சொல்லலாம். மை கலந்தது யாருன்னும் சொல்லலாம். இந்த ரெண்டுலயும் என் பேர் இல்ல பாருங்க."

"பேரை விடுங்க சார். கீழ நாப்பது வீடு இருக்கு."

"எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் ராட்சசன் இல்லம்மா." உண்மையிலேயே பொறுமையாகத்தான் சொன்னார். "முப்பதுன்னே வச்சுக்குங்க. கசியறது பெரிசில்ல. எல்லா அணையும் கசியும். தெளிஞ்சு வருதா, கலங்கி வருதா, அதுதான் கேள்வி. கலங்கி வந்தா உள்ளே சுவர் கரையுதுன்னு அர்த்தம். தெளிஞ்சு வந்தா வெறும் தண்ணி. நான் தினம் பார்க்கிறேன். தெளிஞ்சுதான் வருது. உங்க தம்பியையே கேளுங்க."

தம்பி தலையாட்டினான். "கண்ணாடி மாதிரிதான்க்கா இருக்கு."

"சுவர் இருந்தாத்தானேம்மா சித்திரம்? அதை விட்டுட்டு நான் என்ன பண்ணப் போறேன்?" என்று பொறியாளர் லேசாகச் சிரித்தார். "எந்த அவசரமும் இல்ல. நாளைக்கு எழுதிக் குடு தம்பி."

வெளியே வந்ததும் மைக்காரி கேட்டாள். "தண்ணியை யாராவது பிடிச்சு வைக்கிறீங்களா?"

"வாரத்துக்கு ஒரு பாட்டில் பிடிக்கணும், டெஸ்ட்டுக்கு. எடுத்துட்டுப் போக வேன் வரும். ஏழு வாரமா வரல. வீட்ல ஜன்னல்ல அடுக்கியிருக்கேன். வேலையில இல்லன்னாலும் பழக்கதோஷம், வெளிய வர வாய்க்கால்ல போன வாரமும் பிடிச்சேன்."

தம்பி மனைவி அவர்களைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "வாங்கண்ணி. இவருக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. ராத்திரியெல்லாம் எழுந்து உக்காந்து ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிட்டிருக்காரு."

"அவன் எண்ணினது சரிதான். ஜன்னலைத் திற."

ஏழு பாட்டில்களும் ஒரே அளவு, ஒவ்வொன்றிலும் ஒரு தேதிச் சீட்டு. அசையாமல் இருந்ததால் எல்லாமே தெளிந்து நின்றன. அடியில் ஏதோ இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. மைக்காரி ஒவ்வொன்றையும் நன்றாகக் குலுக்கி வைத்தாள். பையிலிருந்து எழுதாத வெள்ளை அட்டை ஒன்றை எடுத்துப் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

முதல் மூன்றும் ஒன்றுதான். நான்காவதில் நின்றாள். மறுபடி மூன்றாவதைப் பார்த்தாள்.

"என்னக்கா? எல்லாம் ஒண்ணுதானே?" என்றான் தம்பி.

நாலாவதில் வெள்ளை கொஞ்சம் களைத்திருந்தது. ஐந்தில் அந்தக் களைப்புக்கு ஒரு நிறம் வந்திருந்தது. ஆறில் அது பழுப்பு. பத்துச் சொட்டில் ஒரு சொட்டுகூட இல்லை, நூறில் ஒன்று இருக்கலாம். ஏழாவதில் நூறுக்கு இரண்டு.

"நான் திரும்பி நிக்கிறேன். தேதி தெரியாம திருப்பி வச்சு, இடம் மாத்தி வை" என்றாள்.

மாற்றி வைத்தான். அவள் திரும்பி, குலுக்கி, வரிசைப்படுத்தினாள். முதல் மூன்றைத் தனியே ஒதுக்கினாள். மிச்ச நாலின் தேதிகளைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருந்தன. மறுபடி மாற்றினான். மறுபடி அதே வரிசை. மூன்றாம் முறை மாற்றும்போது அவன் கை தட்டி ஒரு பாட்டில் உருண்டது. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, எனக்கும் இந்த விளையாட்டு" என்றது.

மூன்றாம் முறையும் வரிசை மாறவில்லை.

தம்பி கட்டிலில் உட்கார்ந்தான். "எட்டு வருஷம் சுரங்கத்துல இறங்கறேன். எனக்குத் தெரியலையே."

"தினம் பார்த்தா தெரியாதுடா. பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் தெரியும்."

"மறுபடி போய்ச் சொல்லுவோம். பாட்டிலைக் காட்டுவோம்."

"காட்டினா 'ரெண்டும் ஒண்ணுதான்'ம்பார். அந்த ஆளுக்கு அது நிஜமாவே அப்படித்தான் தெரியும். பிள்ளையைத் தூக்கு. நீ போய்க் கதவு கதவா தட்டு."

தட்டினான். மைக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கவே இல்லை. ஒரு வீட்டில், "ரிஜிஸ்டர்ல மூணுன்னுதான் இருக்காமே, உனக்குத்தான் உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்க" என்றார்கள். இன்னொரு வீட்டில் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நாலு வீட்டுக்காரர்கள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே பைகளை எடுத்தார்கள். மிச்சப் பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டு வரிசைக்குப் பின்னால்தான் கசிவு வாய்க்கால் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரி அதன் கரையில் குந்தித் துணி அலசிக்கொண்டிருந்தாள். மூட்டையோடு வரும் தம்பி மனைவியைப் பார்த்து, "என்னடி, புருஷன் பேச்சைக் கேட்டு நாத்தனார் வீட்டுக்கு ஓட்டமா? நாலு நாள்ல தெரியும், யார் பேச்சைக் கேட்டிருக்கணும்னு" என்று சிரித்தாள்.

மைக்காரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதல் பாட்டிலையும் ஏழாவதையும் குலுக்கி, வெள்ளை அட்டையோடு அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாரும்மா. நல்லாப் பாரு."

பக்கத்து வீட்டுக்காரி மரியாதைக்காகப் பார்த்தாள். இடதுகையால் முடியை ஒதுக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதானேக்கா."

"இல்ல."

"எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. பொய்யா சொல்றேன்?"

"இல்லம்மா. நீ பொய் சொல்லல."

பதினேழு நீலக்கருப்பையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவளுக்கு இதை இன்னொருவர் கண்ணுக்குள் எப்படி வைப்பது என்று தெரியவில்லை. மேட்டுப் பாதையில் தம்பி பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, "அக்கா, வா" என்று கத்தினான். பாட்டில்களைக் கரையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி தலையை ஆட்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பினாள். மகனின் பள்ளிச் சட்டை, வெள்ளை. வாய்க்காலில் ஒரு முக்கு முக்கி எடுத்து உதறினாள். மறுபடி முக்கினாள். எடுத்துப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

"ஏய், இந்தச் சட்டைக்கு என்னடி ஆச்சு?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

சட்டை தேநீர் நிறத்தில் இருந்தது. மைக்காரி வாய்க்காலைப் பார்த்தாள். சுவர்ப் பக்கத்திலிருந்து தண்ணீர் கெட்டியாக, செம்மண் நிறத்தில் உருண்டு வந்துகொண்டிருந்தது. நடுவில் சின்னக் கற்கள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் கேட்டது. அட்டை தேவையில்லை. வெளிச்சம் தேவையில்லை. இதைப் பிரித்துச் சொல்ல இனி அவளும் தேவையில்லை.

பக்கத்து வீட்டுக்காரி சட்டையை அப்படியே போட்டுவிட்டு, "அத்தை! அத்தை! எழுந்திருங்க!" என்று மாமியாரைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். அதன் பிறகுதான் மற்ற கதவுகள் திறந்தன.